அடுத்து என்ன படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் நாவல் படிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் "வேற என்ன படிச்சீங்க, எனக்கும் ஏதாவது சொல்லுங்க" என்பதில்தான் வந்து நிற்கும். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதிலும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது ஒரே கேள்வி நாலாபக்கமிருந்தும் வரும். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். பதில்கள் எல்லாம் என் ருசிக்கு உட்பட்டவை. ஒத்துவராவிட்டால் தாராளமாகச் சண்டைக்கு வரலாம், புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

"நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டால் ஏன் யாரும் உருப்படியாகப் பதில் சொல்வதில்லை?

சொல்ல முடியாது, அதனால்தான். நல்ல புத்தகம் என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் அதே பத்துப் பெயர்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள், அந்தப் பத்தும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கேட்பதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள்: கடைசியாக ரசித்து முடித்தது எது, எதைப் பாதியில் மூடி வைத்தீர்கள், எத்தனை பக்கம் வரை தாங்கும்.

உதாரணத்துக்கு ஒருவர் "தி.ஜானகிராமனின் 'மோகமுள்' ரொம்பப் பிடித்தது, சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாற்பது பக்கத்தோடு நின்றுவிட்டது" என்று சொல்கிறார் என்று வையுங்கள். இந்த ஒரு வரி போதும். அவருக்கு மனிதர்கள் வேண்டும், கும்பகோணத்துத் தெரு வேண்டும், ரங்கண்ணாவின் பாட்டு வேண்டும், ஒரு எழுத்தாளனின் மூளைக்குள் நடக்கிற வாதம் இப்போதைக்கு வேண்டாம். அவரிடம் அதே தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இருக்கிறதா என்று கேட்பேன், அது முடிந்ததும் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கொடுப்பேன். மணப்பாட்டுக் கடற்கரை, வல்லத்தை விற்றுவிட்டுப் போகலாமா என்று தவிக்கிற குடும்பம், பிலோமி என்கிற பெண். சின்னப் புத்தகம்தான், ஆனால் அதில் வருகிறவர்கள் ஒருவரையொருவர் மன்னிக்கிற விதம் தி.ஜானகிராமன் வாசகர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். மாறாக 'ஜே.ஜே' பிடித்து 'மோகமுள்' இழுவையாக இருந்தது என்கிறவருக்கு நான் சொல்லும் பட்டியலே வேறு.

பாதியில் மூடியதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், சிபாரிசு செய்கிறவனுக்கு அதுதான் அதிகம் உதவும்.

'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டேன். அடுத்து?

இதற்கே தனிப் பக்கம் வைக்கலாம், 2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்ததிலிருந்து அவ்வளவு பேர் கேட்கிறார்கள். இங்கேயும் அதே கதைதான், அதில் உங்களை இழுத்தது எது?

வந்தியத்தேவனின் குதிரை வேகம், ஒற்றர்கள், சுரங்கப்பாதை, இதெல்லாம்தான் என்றால் சாண்டில்யன் பக்கம் போங்கள். 'கடல் புறா' மூன்று பாகம், அப்புறம் 'யவன ராணி'. நாயகியின் அழகைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கும் இடங்களில் இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் நெளியத் தோன்றும், தாண்டிப் போங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி தூங்கவிடவில்லை என்றால் நாவலை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வாருங்கள். கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி 1930-களில் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாறு தமிழில் 'சோழர்கள்' என்று இரண்டு தொகுதிகளாகக் கிடைக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய சொந்தக்காரர்களின் நிலங்களை என்ன செய்வது என்று பேசுகிறது. நந்தினி கல்கியின் கற்பனை, ரவிதாசன் கல்வெட்டிலிருந்தே எழுந்து வந்தவன். இதைத் தெரிந்துகொண்டு நாவலுக்குத் திரும்பிப் போனால் கல்கி எங்கே கயிறு கட்டி எங்கே தாண்டியிருக்கிறார் என்பது புரியும், அது தனி சுகம்.

தஞ்சைக் கோயில் எப்படி எழுந்தது என்பதில் ஆர்வம் என்றால் பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம். கற்பனை வேண்டாம், ஆதாரத்தோடு வேண்டும் என்றால் குடவாயில் பாலசுப்ரமணியனின் 'இராஜராஜேச்சரம்'.

"எனக்கு நீளமான கதை முடிந்துபோன ஏக்கம்தான், வேறொன்றும் இல்லை" என்கிறவர்களுக்கு சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. மதுரையின் அறுநூறு ஆண்டு. ராஜாக்கள் வருவார்கள், ஆனால் நாவலின் உயிர் தாதனூர் என்ற ஊரில் இருக்கிறது, களவையும் காவலையும் தொழிலாகக் கொண்டவர்களிடம். கல்கியின் நடையை எதிர்பார்த்துப் போனால் முதல் நூறு பக்கம் திணறும். சொல்லிவிட்டேன்.

கல்கியின் புத்தகம் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விலையில் இருக்கிறதே, எதை வாங்குவது?

கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. அதாவது தமிழக அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையைப் பொதுவாக்கிவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் கெட்டி அட்டைப் பெட்டியாகவும் கிடைக்கிறது, நடைபாதையில் பாதி விலைக்கும் கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று இடம் பாருங்கள்: எழுத்தின் அளவு, தாளின் மறுபக்கம் தெரிகிறதா, அட்டையில் எங்காவது 'சுருக்கம்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா. மூன்றாவதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு "ஐந்து பாகம் என்றார்கள், ஒன்றுதானே இருக்கிறது" என்று வருகிறவர்கள் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு வந்த பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

இதுவரை தமிழ் நாவலே படித்ததில்லை. எதில் தொடங்க?

மெல்லியதில் தொடங்குங்கள். ஐந்து பாகத்தில் தொடங்கி இரண்டாம் பாகத்தில் நின்றுபோனவர்கள் அதன்பிறகு தமிழ்ப் புத்தகத்தையே தொடுவதில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், தெருக்குழாய், குடம், பம்பு அடித்தால் காற்று மட்டும் வருகிற சத்தம். சினிமாவில் நடிக்கலாம் என்று வந்து ஏமாந்த ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். தெருவில் லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் விளக்க எதுவுமே இல்லை.

வேகம் வேண்டும் என்றால் பூமணியின் 'வெக்கை'. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கப் போகும் சின்னப் பையன், கையை வெட்டுவதாக நினைத்துப் போனது கொலையில் முடிகிறது. அங்கிருந்துதான் நாவலே தொடங்குகிறது, பிறகு அப்பனும் மகனும் காடுமேடாக ஒளிந்து திரிகிறார்கள். 'அசுரன்' படம் இதிலிருந்து எடுத்ததுதான், ஆனால் படம் பார்த்துவிட்டோமே என்று விடாதீர்கள். படத்தில் உள்ள ஆவேசம் நாவலில் கிடையாது. அடுப்பு கூட்டிக் கஞ்சி காய்ச்சுவதும், பாம்பு பல்லியைப் பார்த்துப் பேசுவதும், அப்பன் பிள்ளையை ஓரக்கண்ணால் கவனிப்பதும்தான் நாவல்.

சிறுகதைதான் முடியும் என்றால் ஜெயமோகனின் 'அறம்'. உண்மையில் வாழ்ந்தவர்களை வைத்து எழுதிய கதைகள். 'சோற்றுக்கணக்கு' கதையில் வருகிற கெத்தேல் சாகிப் சாப்பிட்டவர்களிடம் கணக்குக் கேட்க மாட்டார், உண்டியலில் போட்டால் போட்டதுதான். இந்த ஒரு கதையைப் படித்துவிட்டு அடுத்த புத்தகத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அதே எழுத்தாளரின் 'விஷ்ணுபுரம்' அடுத்த மாதத்துக்கு வேண்டாம், இருபத்தாறு நாவல்களாக விரிகிற 'வெண்முரசு' பக்கம் இப்போதைக்குத் திரும்பியே பார்க்க வேண்டாம்.

வட்டார வழக்கு வந்தாலே தலை சுற்றுகிறது. என்ன செய்ய?

வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' வீட்டுத் திண்ணையில் பாட்டி சொல்கிற தொனியில் எழுதப்பட்டது, மௌனமாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். முதல் முப்பது பக்கம் புரியாத சொல்லைத் தாண்டிக்கொண்டே போங்கள், அதே சொல் மூன்றாம் முறை வரும்போது அர்த்தம் தானாக வந்துவிடும். அப்படியும் நின்றால், கரிசலுக்குக் கி.ரா.வே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார், கொங்குக்குப் பெருமாள்முருகன் தொகுத்திருக்கிறார். ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' போன்ற நெய்தல் நாவலுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும், மரம், வலை, காற்று, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் வரும். எனக்கு அந்தப் பெயர்கள்தான் நாவலே. பிடிக்காதவர்களையும் புரிகிறது.

விருது வாங்கிய பட்டியலை வரிசையாகப் படித்தால் போதாதா?

படிக்கலாம், தப்பில்லை, ஆனால் பட்டியல் உங்களைக் கொஞ்சம் சுற்றலில் விடும். சாகித்திய அகாதெமி தி.ஜானகிராமனுக்கு 1979-இல் விருது கொடுத்தது 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்கு, 'மோகமுள்'ளுக்கு இல்லை. அசோகமித்திரனுக்கு 1996-இல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்கு. கல்கிக்கு அவர் இறந்த பிறகு 1956-இல், 'அலை ஓசை'க்கு. சுந்தர ராமசாமிக்குக் கொடுக்கவே இல்லை. ப.சிங்காரம் அந்தப் பக்கம் யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. ஆக விருதுப் பட்டியலில் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை வாசகர்களிடம் கேளுங்கள். சில நேரம் இரண்டும் ஒன்றாகவே அமையும்: தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' (1997), எஸ்.ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' (2018). நாதஸ்வரக்காரர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' கரிசல் வெயிலோடு சேர்ந்து மனதில் தங்கும்.

பெண்கள் எழுதியதில் எதைச் சொல்வீர்கள்?

"பெண்கள் எழுதியது" என்று ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது, அவ்வளவு தூரம் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய் ஆட்களோடு பேசி எழுதியவர். தூத்துக்குடி உப்பளத்துக்கு 'கரிப்பு மணிகள்', நீலகிரிப் படகர் வாழ்க்கைக்கு 'குறிஞ்சித்தேன்'. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் கால் என்ன ஆகிறது, கண் என்ன ஆகிறது என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டுச் சமையலறை உப்பு டப்பாவைச் சும்மா பார்க்க முடியாது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது, மெல்லிய தன்வரலாறு, பேச்சுத் தமிழிலேயே எழுதியது, அவசியம். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' பெரியது, முஸ்லிம் வீடுகளின் உள்கட்டில் நடக்கிறது. முதலில் பெயர்கள் குழப்பும், பின்னால் ஒரு தாளில் குடும்பங்களை எழுதிக்கொண்டால் சரியாகிவிடும். அம்பையின் சிறுகதைகளில் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

ஈழம், மலேயா, புலம்பெயர்ந்தவர்கள்?

கே.டானியலின் 'பஞ்சமர்' யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றி, இங்கே இருக்கிற நாம் படிக்காமல் விட்டால் நமக்குத்தான் நஷ்டம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' பிரான்சில் அகதி கோரும் விண்ணப்பத்தோடு தொடங்கும், சின்னது, கடுமையானது. கனமாக வேண்டாம், சிரிக்கவும் வேண்டும் என்றால் அ.முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து, ஐ.நா. வேலைக்காகப் பல நாடு சுற்றி, கனடாவில் இருக்கிறவர், எந்த ஊர் சுங்கச் சாவடியிலும் ஒரு கதை கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் ப.சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், இளவயதில் சுமத்ராவில் மேடான் நகருக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. ஜப்பான் படை மேடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது இரண்டாவது. வட்டிக்கடைச் செட்டியார்கள், இந்திய தேசிய ராணுவம், பினாங்கு, நடுக்கடலில் புயல், எல்லாம் உண்டு. தொடக்கத்தில் தெருப்பெயர்களே டச்சுக்காரர் வைத்தவை, மலாய்ச் சொல் வேறு கலந்து வரும், நாயகன் பாண்டியன் மதுரையை நினைக்கத் தொடங்கினால் பக்கக்கணக்கில் நினைப்பான். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், அந்த நினைப்புகளில் வருகிற மதுரைக் கடைத்தெரு தமிழில் வேறு எங்கும் இல்லை.

மொழிபெயர்ப்பு படிக்கலாமா? பாதி புத்தகங்கள் வாயில் நுழைவதில்லையே.

கடையில் நின்றபடியே சோதித்துவிடலாம். நடுவில் இரண்டு பேர் பேசுகிற பக்கத்தைத் திருப்புங்கள். அந்தப் பேச்சை உங்களால் சத்தமாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் தேடும் பழக்கமும் வரவேண்டும். தகழியின் 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமி செய்தது, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எம்.ஏ.சுசீலா செய்தது, இந்த இரண்டிலும் தடுக்கி விழுகிற வாக்கியம் குறைவு. மலையாளத்து வைக்கம் முகம்மது பஷீருக்குக் குளச்சல் மு.யூசுப்.

என்னைக் கேட்டால் வங்காளத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா.குமாரசாமி மொழிபெயர்ப்பு. நாடி பிடித்தே சாவு எப்போது வரும் என்று சொல்லிவிடும் ஒரு கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய், அவருக்கு எதிரே ஊசியும் மருந்துமாக வந்து இறங்கும் இளம் டாக்டர். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த நாவலைச் சொல்லும் முன் இரண்டு முறை யோசிப்பேன், ஆனால் சொல்லிவிடுவேன். நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட 'நீலகண்ட பறவையைத் தேடி', 'அக்னி நதி' இரண்டும் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விலை கேட்காமல் எடுத்து வையுங்கள்.

ராஜேஷ்குமார், சுபா எல்லாம் படிப்பதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். மாத நாவல்கள்தான் பேருந்து நிலையத்தில் பெரும்பாலானவர்களைப் படிக்கப் பழக்கின. ஆயிரத்துக்கும் மேலே நாவல் எழுதியும் முதல் பக்கத்திலேயே ஆளைப் பிடித்து உட்காரவைக்கத் தெரிந்தவர் ராஜேஷ்குமார், அது சாதாரணம் இல்லை. அங்கிருந்து கொஞ்சம் நகர விரும்பினால் சுஜாதா. அவருடைய வக்கீல் நாயகன் கணேஷ் அறிமுகமான 'நைலான் கயிறு', அப்புறம் பேயா விஞ்ஞானமா என்று கடைசி வரை இழுக்கும் 'கொலையுதிர் காலம்'. ரமணிசந்திரன் படிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான், எது பிடிக்கிறதோ அதைச் சொல்லிக் கேளுங்கள், ஒளித்துவைத்துக் கேட்டால் தப்பான புத்தகம்தான் வரும்.

பிள்ளைகளுக்கு?

வாண்டுமாமா எட்டு வயதிலிருந்து ஓடும். காமிக்ஸுக்கு சிவகாசியிலிருந்து 1972 முதல் வருகிற முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியை அப்பாக்கள் தங்களுக்காக வாங்கிப் பிள்ளைகள் பெயரில் கணக்கெழுதுவார்கள். ஜப்பானியப் பள்ளிக் கதையான 'டோட்டோ-சான்' தமிழில் இருக்கிறது, பத்து வயதுக்கு மேல் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: இரா.நடராசனின் 'ஆயிஷா' மெல்லியதாக இருப்பதால் சிறுவர் புத்தகம் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்ட ஒரு மாணவியின் சாவைப் பற்றிய கதை அது. முதலில் ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்க வேண்டும்.

இலவச பிடிஎஃப் இருந்தால் அனுப்புங்களேன்.

எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் ஆனால் புத்தகம் பொதுவுடைமை. நாட்டுடைமை ஆனவை அதற்கு முன்பே பொது, பாரதி, புதுமைப்பித்தன், கல்கி எல்லாம் அப்படி. இவற்றை 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்துவரும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தாராளமாக எடுக்கலாம். ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஒரு சமூகம் ஒவ்வொரு துண்டறிக்கையையும் ஏன் இப்படி உட்கார்ந்து ஸ்கேன் செய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

மூல ஆசிரியர் இறந்து நூறு ஆண்டு ஆனாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. உயிரோடு இருக்கிறவரின் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் போட்டது என்னிடம் வந்தாலும் அனுப்ப மாட்டேன். ராயல்டி பத்து சதவீதம் என்று வைத்தாலும் 300 ரூபாய்ப் புத்தகத்தில் எழுதியவருக்கு 30 ரூபாய், அதையும் நாம் மிச்சம் பிடிக்க வேண்டுமா?

அப்படியென்றால் காசுக்கு எங்கே போவது? புத்தகம் விலை ஏறிக்கொண்டே போகிறதே.

நூலகம். சொன்னதும் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், உங்கள் காசு அங்கே இருக்கிறது. சென்னையில் 1896-லிருந்து இருக்கும் கன்னிமாரா, 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரியவை ஒரு பக்கம். உங்கள் தெருமுனைக் கிளை நூலகத்திலும் அச்சில் இல்லாத நாவல் தூசியோடு கிடக்கும், அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து பாருங்கள்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் புத்தகக் காட்சி. 1977-இல் தொடங்கிய சென்னைக் காட்சி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது, எல்லாக் கடையிலும் பத்து சதவீதத் தள்ளுபடி. ஆகஸ்டில் ஈரோடு. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நடந்து பார்த்துவிட்டு இரண்டாம் சுற்றில் வாங்குங்கள், பை கனத்த பிறகு கண்ணில் படுவதுதான் எப்போதும் வேண்டிய புத்தகமாக இருக்கும். வெளியே நடைபாதையில் விரித்திருக்கும் பழைய புத்தகங்களுக்கு ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள்.

முன்பு நிறையப் படிப்பேன், இப்போது பத்துப் பக்கம் தாண்டவில்லை.

போன்தான் காரணம், வேறு காரணம் தேட வேண்டாம். சின்ன அத்தியாயங்கள் உள்ள பெரிய புத்தகம் ஒன்று எடுங்கள். என் தேர்வு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942-இல் அவர் இறந்ததால் பாதியில் நின்றுபோனது. வாராவாரம் எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் கைக்கு அடக்கம், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

சரி, நாலு பேருக்குப் புத்தகம் சொல்லி என்ன ஆகிவிடப்போகிறது?

அதே 'என் சரித்திர'த்தில் இருக்கிறது பதில். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்கிற முன்சீப்பைப் பார்க்க உ.வே.சா. போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்குகிறார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சா.வே அவற்றைப் பார்த்ததில்லை. அப்புறம் முதலியாரே ஒரு கையெழுத்துப் பிரதியும் கொடுக்கிறார். 1887-இல் 'சீவக சிந்தாமணி' அச்சில் வந்தது, பின்னாலேயே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. முதலியார் கேட்ட விதம் கொஞ்சம் முரட்டுத்தனம்தான், நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

நான் ஒரு புத்தகத்தைச் சொல்லும்போது எப்படி எழுதுவது?

"அருமையான நாவல், அனைவரும் அவசியம் படிக்கவும்" என்பதை மட்டும் எழுதாதீர்கள். அது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். எங்கே நடக்கிறது, யார், எவ்வளவு பெரியது, எங்கே இழுக்கும், யாருக்கு ஒத்துவராது, இவ்வளவு போதும். நான் எழுதினால் இப்படி:

"'பதினெட்டாவது அட்சக்கோடு', அசோகமித்திரன். செகந்திராபாத், சுதந்திரத்தை ஒட்டிய நாட்கள். ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன் கல்லூரி, கிரிக்கெட், சைக்கிள் என்று சுற்றிக்கொண்டிருக்கிறான், நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா என்ற கலவரம் மெல்ல மெல்ல அவன் தெருவுக்கு வருகிறது. பெரிய புத்தகம் இல்லை. முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும், அதுதான் ஏற்பாடு. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது தெரிந்திருந்தால் போதும், வேறு முன்னறிவு வேண்டாம். கடைசிப் பக்கங்கள் கடுமை."

கடைசிப் பக்கங்களில் என்ன என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், கெஞ்சினாலும் சரி.

புத்தகத்தை இரவல் கொடுக்கலாமா?

கடையில் மறுபடி கிடைப்பதைக் கொடுங்கள், திரும்பி வராது என்று எண்ணியே கொடுங்கள். முதல் பக்கத்தில் பெயர் எழுதுங்கள், அட்டையில் எழுதினால் பைண்டிங் செய்யும்போது போய்விடும். யாரிடம் எது போயிருக்கிறது என்று போனில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் இல்லாதது, தாத்தா தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்தது, இவற்றை வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள், காபி வேண்டுமானால் கொடுக்கலாம்.